மிச்சம் வைக்கக் கூடாத கிண்ணம்

1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வெளியே தூறல். கோவிலுக்குப் புறப்படுமுன் என் மழைமானியைப் பார்த்திருந்தேன்: இரண்டு அங்குலமும் பத்தில் மூன்றும்.

திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை) நடந்துகொண்டிருந்தது. நான் பெற்றுக்கொண்டு வாங்கிலில் வந்து உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்தினேன். எடுத்துப் பார்த்தபோது அதில் இருபத்தைந்து சதக் காசளவு இரத்தம் இருந்தது.

கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு எண்ணத் தொடங்கினேன். அது என் பழக்கம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து, குளத்தின் நீர்மட்டத்தையும் மழையையும் காலைதோறும் பதிந்தவன் நான். பென்சன் எடுத்து முரசுமோட்டையில் வயல் செய்யத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்று நான் எண்ணியது மனிதர்களை. சபையின் மூப்பன் என்பதால் எப்போதும் நானே முதலாவதாகப் போய் முழந்தாளிடுவேன். எங்கள் கோவிலில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம். எனக்குப் பின்னால் அதே கிண்ணத்தில் இருபத்திரண்டு பேர் குடித்தார்கள்.

சயரோகம் என்று டொக்டர் சொல்லக் கேட்டு, அந்தச் சொல்லோடு வீடு திரும்பியிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். குணமானவன் தருகிற உற்சாகமான கடிதமாக இதை எடுக்க வேண்டாம். குணமானேன், பயம் முழுவதும் போகவில்லை. ஆண்டவர் உங்களை விட்டுப் போய்விட்டார் என்று தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு இருமல் தொடங்கி நாற்பத்தொரு நாளாகியிருந்தது. மாலையில் மெல்லிய காய்ச்சல். விடிய எழும்பினால் பெனியன் நனைந்திருக்கும். என் மனைவி நேசம்மா கைக்குட்டையைத் தோய்க்க எடுத்தபோது கண்டுவிட்டாள். பல் ஈறில் இரத்தம் கசிந்தது என்றேன்.

"இஞ்சேருங்கோ, பல்லிலை வாற ரத்தம் இருமினால்தான் வருமோ?" என்றாள்.

ஐந்தாம் நாள், நவம்பர் 23, அவளே என்னைக் கிளிநொச்சியிலிருந்த அப்போதிக்கரியிடம் (சிறிய மருந்தகத்தை நடத்தும் அரசாங்க வைத்தியர்) கூட்டிக்கொண்டு போனாள். அவர் முதுகில் குழாயை வைத்து ஆறு இடத்தில் கேட்டார். நேசம்மாவை வெளியே இருக்கச் சொன்னார்.

"ஐயா, கடிதம் ஒண்டு தாறன். பெரியாஸ்பத்திரியிலை குடுத்துச் சளியைச் சோதிச்சு, நெஞ்சைப் படம் எடுப்பியுங்கோ. ஒரு கிழமைக்கு மேலை வைச்சிருக்க வேண்டாம்."

கடிதத்தை வாங்கி அலுமாரியில், பழைய மழைப் பதிவேடுகளுக்கு இடையில் வைத்தேன். நேசம்மாவிடம் மார்ச்சளி என்றேன். பாதையை வெள்ளம் வெட்டியிருக்கிறது, நெல் கதிர் தள்ளும் நேரம் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றுதான். படம் எடுக்காதவரை அது இல்லை என்று நினைத்தேன்.

கிண்ணம் மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை.

எங்கள் போதகர் வவுனியாவில் இருந்தார். முப்பத்தொரு வயது. மனைவியும் எட்டு மாதக் கைக்குழந்தையும். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மட்டும் எங்களிடம் வருவார். அடுத்த திருவிருந்து டிசம்பர் 16ஆம் திகதி. போகாமல் விட்டால் ஏனென்று கேட்பார்கள். அதோடு, எனக்கு அது வேண்டியிருந்தது. வீட்டில் ஜெபிக்க முழந்தாளிட்டால் வெறும் சுவருக்கு முன்னால் நிற்பது போலிருந்தது. பீடத்தண்டையில், அந்தக் கிண்ணத்தண்டையிலாவது அவர் இருப்பார் என்று நம்பினேன்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். முன் வாங்கிலை விட்டுக் கடைசி வாங்கிலில் உட்கார்ந்தேன். எல்லோரும் பெற்றுத் திரும்பும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது பேர். இருபத்தோராவதாக நான் போனேன். எனக்குப் பின்னால் குடிக்க ஒருவரும் இல்லை. ஒரு வாய் குடித்தேன். கெட்டித்தனமாகச் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு எழுந்தேன்.

திரும்பி வாங்கிலுக்கு வந்து தலை நிமிர்ந்தபோது, போதகர் பீடத்தை நோக்கி நின்று கிண்ணத்தைத் தூக்கி, மிச்சமிருந்ததை முழுவதும் குடித்தார். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடித்தார். வெள்ளைத் துணியால் துடைத்தார்.

ஆசீர்வதித்த இரசத்தில் துளியும் மிச்சம் வைக்கக் கூடாது. மிஞ்சியதைக் குருவே முடிக்க வேண்டும். இது எங்கள் ஒழுங்கு. இருபத்தெட்டு வருடம் மூப்பனாக இருந்து, மாதத்துக்கு ஒரு தரமாவது இதைக் கண்ணால் கண்டவன் நான். இருபது பேரை எண்ணிய எனக்கு அந்த ஒருவரை எண்ணத் தெரியவில்லை.

ஆராதனை முடிய அவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன கிளாக்கர் ஐயா, இண்டைக்குக் கடைசி வாங்கில்? முன் வாங்கிலிலை மூட்டைப்பூச்சியோ?"

"கூரை ஒழுகுது, போதகர் ஐயா" என்றேன். பொய்.

"நல்ல மூப்பர். ஒழுக்கைத் திருத்திறதை விட்டிட்டு இடத்தை மாத்திறியள்."

அவருடைய கையைப் பிடித்தேன். அந்தக் கைதான் வவுனியாவில் பிள்ளையைத் தூக்கும் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 8ஆம் திகதி பிற்பகல் வயல் வரப்பில் நின்று இருமினேன். இந்த முறை காசளவு இல்லை. ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறையும். நேசம்மா உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தபோது அப்போதிக்கரியின் கடிதம் கீழே விழுந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்து முடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மறுநாள் காலை ரயிலில் என்னை வடக்கே கூட்டிக்கொண்டு போய் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கடிதத்தை நான் ஒளித்து வைத்திருந்தது நாற்பத்தேழு நாள்.

சளியில் கிருமி இருந்தது. படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு பொந்து (கிருமி தின்று உண்டான ஓட்டை). டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"முந்தி எண்டால் பயப்பிடலாம். இப்ப ஊசி இருக்கு, குளிசை இருக்கு. ஒழுங்காய் எடுத்தால் மாறும்" என்றார்.

"டொக்டர், ஒரே கிண்ணத்திலை குடிச்சால் தொத்துமோ?"

"கூடுதலாய் இருமல் காத்தாலைதான் தொத்திறது. கிண்ணத்தாலை எண்டால் குறைவு."

"இல்லை எண்டு சொல்லுவியளோ?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். "குறைவு எண்டு சொன்னனான். இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க மாட்டன்."

நேசம்மாவின் நெஞ்சையும் படம் எடுத்து நோயின் நிழல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நிழல் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் முறைத்தாள். "நாப்பது வருஷம் உங்கட குறட்டையைத் தாங்கின நெஞ்சு. கிருமிக்கு விழுமே?"

எங்கள் வாட்டில் இருபத்திரண்டு கட்டில்கள். என்னுடையது ஒன்பதாவது. கிண்ணத்தில் எனக்குப் பின்னால் குடித்தவர்களின் தொகையும் இருபத்திரண்டு. ஒவ்வொரு கட்டிலிலும் அவர்களில் ஒருவரைப் படுக்க வைத்துப் பார்க்காமல் என்னால் கண்ணை மூட முடியவில்லை. போதகருக்குக் கட்டில் இல்லை. அவரை வாசலில் நிறுத்தினேன், பிள்ளையோடு.

ஜனவரி 14ஆம் திகதி ஸ்ரெப்ரோமைசின் ஊசி தொடங்கியது. தினமும் ஒன்று. அதோடு குளிசைகளும், வயிற்றைக் குமட்டும் கசப்புத் தூளும். முதல் மாதம் முடியுமுன்பே காய்ச்சல் விட்டது. சாப்பாடு இறங்கியது. உடம்பு தேறத் தேறப் பயம் கூடியது. சாகப்போகிறவன் என்றால் கணக்கு என்னோடு முடியும். பிழைக்கப்போகிறவன் அவர்களுடைய முகத்தில் விழிக்க வேண்டும்.

நாளுக்கு ஏழு தரம் ஜெபித்தேன். ஜனவரி முடியும்வரை இருபத்துமூன்று நாள். நூற்று அறுபத்தொரு தரம். ஒரு தரமாவது கேட்கப்பட்டதாக உணரவில்லை. சிறுவயதிலிருந்து தெரிந்த சொற்கள் வாயில் உமியாகக் கிடந்தன. சிலுவையில் தொங்கியவரும் ஏன் கைவிட்டீர் என்று தம் பிதாவிடம் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் குற்றமில்லாதவர். கேட்கலாம். என்னைக் கைவிடக் காரணம் இருந்தது. அதனால் கேட்கவும் முடியவில்லை.

பத்தாம் கட்டிலில் முல்லைத்தீவு வியாபாரி காதர் நானா. என்னிலும் எட்டு வயது இளையவர். மூச்சு இழுக்கும், ஆனாலும் உட்கார்ந்தபடியே ஐந்து நேரமும் தொழுவார். நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து ஒரு நாள் கேட்டார்.

"என்ன கிளாக்கர், ஆண்டவனோட கோவமா?"

"கூப்பிடுறன். பதில் இல்லை."

"நானும் அஞ்சு நேரம் கூப்பிடுறன். அவன் ஒரு நேரமும் திருப்பிக் கூப்பிடல்ல. கூப்பிட்டா நான் மௌத்தாப் (செத்துப்) போயிருப்பன். சும்மா இருக்கட்டும் எண்டு விடுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மிஸி (தாதி) ஓடிவந்து ஏசினாள்.

பெப்ரவரி 5ஆம் திகதி போதகர் வந்தார். அன்று எனக்கு இருபத்துமூன்றாவது ஊசி. நோயாளருக்குத் திருவிருந்து கொடுக்கும் சிறிய பெட்டி அவர் கையில் இருந்தது. கதிரையை இழுத்து அருகில் போட்டார். உட்காருமுன் இருமினார்.

ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. பெட்டியைத் திறக்கும்போது மூன்று.

"என்ன இருமல்?" என்றேன்.

"தடிமன், கிளாக்கர் ஐயா. பனி. வீட்டிலை பிள்ளைக்கும் மூக்கு ஒழுகுது."

பெட்டியை மூடச் சொன்னேன். எனக்கு வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். விசுவாசம் போய்விட்டது என்று நினைத்திருப்பார். ஒரு சிறிய ஜெபம் செய்துவிட்டு எழுந்தார். சொல்லியிருக்க வேண்டும். என் கட்டிலிலிருந்து வாட்டின் கதவுவரை நாற்பத்துநான்கு அடி வைப்பு. அவர் கதவை அடையும்வரை எண்ணினேன். அத்தனை அடியிலும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மார்ச் 1ஆம் திகதி எழுந்தபோது காதுக்குள் குளத்து வான்கதவு திறந்தது போல் தண்ணீர் இரைந்தது. கட்டிலை விட்டு இறங்கினேன். தரை இடது பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்தேன். டொக்டர் இரண்டு காதருகிலும் கைக்கடிகாரத்தை வைத்துக் கேட்டார். இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊசி சிலருடைய காது நரம்பைப் பாதிக்கும் என்று விளக்கினார். அன்று காலையோடு நிறுத்தினார்கள். எத்தனை ஊசி என்று மிஸியின் அட்டையைப் பார்த்தேன். நாற்பத்தேழு.

கடிதத்தை ஒளித்தது நாற்பத்தேழு நாள். இதற்கு அர்த்தம் உண்டா என்று என்னிடம் கேட்க வேண்டாம். டொக்டரிடம் சொன்னேன், தற்செயல் என்றார். இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டிலில் அந்தக் காலையில், எனக்குத் தெரியாமல் வேறொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அவர் போய்விட்டார் என்று நினைத்தபோது வந்த பயம் ஒன்று. அவர் போகவில்லை, முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது வந்த பயம் வேறு. இரண்டாவது பெரியது. ஆனாலும் அதில் நான் தனியாக இல்லை.

மறுநாள் சனிக்கிழமை நேசம்மா வந்தாள். வலது காதுப் பக்கம் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கிண்ணம், கடைசி வாங்கில், போதகர் குடித்த மிச்சம், அவருடைய இருமல். அவள் கொண்டுவந்த முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"மழையை எண்ணினியள், ஊசியை எண்ணினியள், ஆக்களை எண்ணினியள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லேல்லை. அங்கை ஒரு பச்சைப் பிள்ளை கிடக்குது. கடதாசி வைச்சிருக்கிறன். எழுதுங்கோ."

"என்னெண்டு எழுத?"

"எனக்குச் சொன்ன மாதிரி எழுதுங்கோ. கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) எழுதிற மாதிரி எழுதாதையுங்கோ."

ஒரு பக்கமும் ஆறு வரியும் எழுதினேன். அவளே தபாலில் போட்டாள்.

பதில் வரவில்லை. நான்கு நாள், ஒன்பது நாள், பதினைந்து நாள். அந்த நாட்களில் ஏழு தரம் என்ற கணக்கை விட்டேன். பிள்ளையைக் காப்பாற்றும் என்ற ஒரு வரி மட்டும் சொன்னேன். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நாள், மார்ச் 21, போதகர் வந்தார். கையில் அதே பெட்டி. முகம் மெலிந்திருந்தது. கதிரையில் உட்கார்ந்தார். எந்தக் காது கேட்கும் என்று கேட்டு, அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தார்.

"மூண்டு பேரும் படம் எடுத்தனாங்கள். முடிவு தெரியும்வரைக்கும் உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரேல்லை."

நான் அவருடைய வாயையே பார்த்தேன்.

"நிழல் இல்லை. பிள்ளைக்கும் இல்லை. ஆனால் உடனை தெரிய வராதாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருஷத்துக்குப் படம் எடுக்கச் சொல்லியிருக்கினம்."

"என்னை மன்னிப்பியளோ?"

"பொறுங்கோ, அதுக்கு வாறன்." தலையைக் குனிந்துகொண்டார். "உங்கட கடிதம் கண்டு மூண்டு நாள் நான் செபம் பண்ணேல்லை. ஏலாமல் போச்சு. மனிசி பிள்ளையை என்னட்டைத் தராமல் வைச்சிருந்தவ. எனக்கு உங்களோடை வந்த கோவத்தைச் சொன்னால் நீங்கள் எழும்பி ஓடுவியள்."

"நேராய் நிக்கவே ஏலாது. எங்கை ஓடுறது?"

அவர் சிரித்தார். சபையில் மற்றவர்களையும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும், உங்கள் பெயரைச் சொல்லாமல் முடியாது என்றார். சொல்லுங்கள் என்றேன்.

பெட்டியைத் திறந்தார். அப்பம் தந்தார். சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம் விட்டு என் கையில் தந்தார். ஒரு வாய் குடித்துத் திருப்பி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மிச்சத்தை நீங்களே முடியுங்கோ."

முடித்தேன். அவர் தண்ணீர் விட்டார். சுழற்றி அதையும் குடித்தேன். குருவானவர் மட்டும் செய்வதை முதல் தரமாக நான் செய்தேன். கிண்ணத்தின் விளிம்பு பல்லில் தட்டிய சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்டது. ஆறுதல் வந்தது என்று எழுதினால் அது பொய். மிக அருகில் ஒருவர் நிற்கிறார், என் கையில் இருப்பதை முழுவதும் அறிவார், அறிந்தும் நகரவில்லை என்ற நடுக்கமே வந்தது. அவரருகில் இருப்பது இப்படித்தான் என்றால், இத்தனை நாளும் நான் தேடியது வேறு எதையோ.

பத்தாம் கட்டிலிலிருந்து காதர் நானா பார்த்துக்கொண்டிருந்தார். "வடியக் குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மே மாதத்தில் அவருடைய கட்டில் வெறுமையானது. விரிப்பை மாற்றி வேறொருவரைப் படுக்க வைத்தார்கள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

ஜூலை 27ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் படம் எடுத்திருந்தார்கள், ஒருவருக்கும் இல்லை. மூவர் மறுத்துவிட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் கோவில் வாசலில் இருமினாலும் இப்போதும் என் நெஞ்சு நிற்கும்.

"எங்கட வீட்டுக்கு வாறவை ஒருத்தரும் தண்ணி குடிக்கினமில்லை" என்றாள் நேசம்மா. "நல்லது. தேயிலை மிச்சம்."

ஓகஸ்ட் திருவிருந்தில் கிண்ணத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். முன்பு இருபத்துமூன்று. மூப்பர் பதவியை விட்டேன். கிளிநொச்சித் தட்டாரிடம் ஒரு சிறிய வெள்ளிக் கிண்ணம் செய்வித்துப் போதகரிடம் கொடுத்தேன். கடைசியாக நான் போவேன். அதில் எனக்கு மட்டும் விடுவார். மிச்சத்தையும் கழுவிய தண்ணீரையும் நானே முடிப்பேன். நோயாளரைப் பார்க்கப் போகும்போது அவர் அதைக் கொதிநீரில் போட்டெடுத்துக் கொண்டு போகிறார்.

உடம்பு இப்போது முன்பு இருந்த உடம்பு அல்ல. இருட்டினால் சுவரில் கை வைக்காமல் நடக்க முடியாது. வரப்பில் போனால் இடது பக்கம் சரிகிறேன். இடது காதில் ஓயாமல் தண்ணீர் இரைகிறது; மழை பெய்கிறதா என்று அறிய வெளியே வந்து கையை நீட்ட வேண்டும். காலமும் மாறிவிட்டது. மாரி, கோடை, அறுவடை என்று பார்த்த வருடத்தைப் போதகர் வீட்டுப் படம் எடுக்கும் திகதிகளாகவே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு தபால் அட்டை வரும். இரண்டே சொல். வாசிக்குமுன் முழந்தாளிடுவேன், விழாமலிருக்கக் கட்டில் காலைப் பிடித்துக்கொள்வேன்.

நான்காவது அட்டை சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. நிழல் இல்லை. கீழே, பிள்ளை ஓடித் திரிகிறான் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

என்ன செலவாகும் என்று நீங்களும் கேட்பீர்கள். ஆஸ்பத்திரியும் மருந்தும் இலவசம். ரயிலும் பஸ்ஸும் 74 ரூபாய் 60 சதம். முட்டையும் பால்மாவும் 211 ரூபாய் 25 சதம். நேசம்மா வந்து தங்கிய செலவு 120 ரூபாய். எரித்த மெத்தைக்கும் தலையணைக்கும் பதிலாக வாங்கியவை 38 ரூபாய் 50 சதம். வெள்ளிக் கிண்ணம் 42 ரூபாய். இடது காதையும், கிண்ணத்துக்கு வராமற்போன ஒன்பது பேரையும் எந்த வரியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவற்றின் மொத்தம் 486 ரூபாய் 35 சதம்.